கொதித்த பிறகு எரிகிற கேஸ் எங்கே போகிறது?

அடுப்பைச் சிம்மில் வைத்தால் பூமி குளிர்ந்துவிடுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கேலியும் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறைக்கான மத்திய அரசின் ‘லைஃப்’ இயக்கம் பரிந்துரைத்த 75 பழக்கங்களின் பட்டியலைப் பார்த்திருக்கிறார் போல. ஏசியை 24 டிகிரியில் வை, சிக்னலில் எஞ்சினை அணை, பிரஷர் குக்கரில் சமை என்று போகும் அது.

பூமி குளிராது. வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. ஒரு கிலோ எரிந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சுமார் 3 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஆக ஒரு சிலிண்டருக்கு 42 கிலோ சொச்சம். ஏறத்தாழ 18 லிட்டர் பெட்ரோலை எரித்தாலும் இதே அளவுதான் வரும். தினமும் காரில் அலுவலகம் போகிறவர் சமையலறையில் மட்டும் சிக்கனம் பிடித்தால் கணக்கு நேராகாது. ஆனாலும் அந்தப் பட்டியலில் குக்கர் இடம்பிடித்ததற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் அழகானது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 290 கிலோஜூல் வெப்பம் போதும். கொதி வந்துவிட்டது. இனி தீயை எவ்வளவு கூட்டினாலும், திறந்த பாத்திரத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குமிழி பெரிதாகும், சத்தம் கூடும், மேடையெல்லாம் தெறிக்கும். சூடு மட்டும் ஏறாது. அரிசிக்கும் பருப்புக்கும் தெரிவது சூடு ஒன்றுதான். தளதளவென்று கொதித்தாலும் லேசாகக் கொதித்தாலும் அவை வேக எடுத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே.

அப்படியானால் கூடுதலாக எரிந்த கேஸ்? தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெப்பநிலை என்று நாம் சொல்வது அவற்றின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு. கொதிநிலைக்கு வந்தபின் கிடைக்கும் வெப்பம் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டுவதில்லை. அவற்றைப் பிரித்து நீராவியாக வெளியேற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். அளவைப் பாருங்கள்: ஒரு லிட்டர் முழுவதும் ஆவியாக 2,260 கிலோஜூல் வேண்டும். கொதிக்கவைக்கத் தேவைப்பட்டதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு! நல்ல கேஸ் அடுப்பில்கூட எரிகிற வெப்பத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. அதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 70 கிராமுக்குச் சற்று மேலான கேஸ், 200 கிராமுக்கு மேல் கரியமில வாயு. சமையலறைச் சுவரை ஈரமாக்க இவ்வளவு.

இதை முதலில் அளந்தவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தகரப் பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொதி வரப் பிடித்த நேரத்தைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு நேரம், தண்ணீர் வற்றப் பிடித்தது. தெர்மாமீட்டரோ அசையவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் அப்போது கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், பின்னாளில் நீராவி எஞ்சினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட். இதில் ஒரு வேடிக்கை, ‘லைஃப்’ யோசனையை இந்தியா 2021இல் உலகத்தின் முன் வைத்ததும் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில்தான்.

இந்தக் கணக்கு தெரிந்தால் சில பழிகளும் இடம் மாறும். சாதம் வடிக்கும்போது ஒரு லிட்டர் கொதிகஞ்சியைக் கொட்டினால், அதோடு போகிற வெப்பம் சுமார் 290 கிலோஜூல். அதே வெப்பம் 130 மில்லி தண்ணீர் ஆவியானால் போய்விடும், அதாவது ஒரு தம்ளருக்கும் குறைவு. வடிகஞ்சியைவிட, மூடாத பாத்திரமும் முழுத் தீயும்தான் பெரிய திருடர்கள். மூடி போட்டால் ஆவி மூடியின் உட்புறத்தில் படிந்து துளியாகி, எடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியையாவது பாத்திரத்துக்குத் திருப்பித் தருகிறது.

குக்கர் இன்னும் ஒரு படி மேலே. ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கினால் கொதிநிலையே 120 டிகிரிக்கு ஏறிவிடும். 1679இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனிஸ் பாப்பான் லண்டனில் செய்துகாட்டிய வித்தை இது. ஊட்டிக்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது.

ஆனால் குக்கர் வைத்திருக்கிற நாம் விசில் எண்ணுகிறோம். என்னைக் கேட்டால் இது சுத்த மூடநம்பிக்கை. பருப்பை வேகவைப்பது சூடும் நேரமும். விசில் என்பது, அழுத்தம் மிஞ்சிவிட்டது, தீ அதிகம் என்று வெயிட் கத்துவது. பெரிய தீயில் மூன்று விசில் சில நிமிடங்களில் வந்துவிடும், சிறிய தீயில் கால் மணி நேரம்கூட ஆகும். இரண்டும் ஒரே சமையலா? ராக்கெட்டுக்குச் செலவழிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பருப்புக்கு எத்தனை நிமிடம் என்று வகைவாரியாகச் சோதித்து, பாக்கெட்டிலேயே அச்சடிக்கிற அளவுக்காவது சமையலறை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கலாம். கோடிக்கணக்கான அடுப்புகள் எரிகிற நாடு இது.

அதுவரை, கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுங்கள். முதல் விசில் வரப்போகும்போது சிம்முக்கு மாற்றிவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் லேசாக உஸ் என்று முனகினால் உள்ளே 120 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், குழாயடியிலும் காட்டாதீர்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை கடலை கேஸே இல்லாமல் வெந்துகொண்டிருக்கும். அந்த நிமிடங்களையும் சமையல் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழைந்துவிடும்.