காபிப் பூ கொடுக்கும் காபி

மார்ச், ஏப்ரலில் கூடலூர்ப் பக்கம் நல்ல கோடை மழை ஒன்று விழுந்து, எட்டுப் பத்து நாள் கழித்து விடியற்காலையில் போனால், காபித் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்தது மாதிரி வாசனை. நாம் டம்ளரில் முகரும் மணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும்.

அதற்குள் செடி தன் காரியத்தை முடித்தாக வேண்டும். அராபிகா என்னும் காபி வகை தன் மகரந்தத்தை வைத்தே காய்த்துவிடும். ரொபஸ்டா வகைக்கு அது ஆகாது. வேறொரு செடியின் மகரந்தம் வந்து சேரவேண்டும். காற்று கொஞ்சம் சுமந்து வரும். மற்றபடி மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும்தான் கதி. அவற்றைக் கூப்பிடத்தான் இந்த வாசனை.

பூவின் மணம் என்பது, பெரும்பாலும் இதழின் மேல்தோல் செல்கள் தயாரித்துக் காற்றில் விடும், எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகள். பூக்களின் மணங்களில் 1,700 வேதிப்பொருள்களுக்கு மேல் இனங்கண்டிருக்கிறார்கள். மல்லிகையில் இருக்கும் லினாலூல் ஆரஞ்சுப் பூவிலும் உண்டு. பிறகு எப்படி மணம் வேறாகிறது? அஞ்சறைப்பெட்டி ஒன்றுதான், சாம்பாரும் ரசமும் ஒன்றா? கூட்டும் அளவும்தான் விஷயம். தேனீயின் மூக்கு அதன் உணர்கொம்புகள். அவற்றிலுள்ள சுமார் 170 வகை மண உணர்விகளில் எவையெவை தூண்டப்படுகின்றன என்பதைக் கொண்டு, அது ஒரு கலவையை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிறது.

ஆனால் மணம் வெறும் பெயர்ப்பலகை. உள்ளே தேன் உண்டா என்பதைத் தேனீ ஒருமுறை குடித்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதை மறக்காமல் அதே இனப் பூவையே தேடிப் போனால்தான் செடிக்கு லாபம். காபிப் பூவின் மகரந்தம் ஆரஞ்சுப் பூவில் போய் ஒட்டி என்ன பயன்?

இங்கேதான் காபிச் செடியின் சாமர்த்தியம். அதன் பூந்தேனிலும் துளி காஃபீன் இருக்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் ரைட் குழுவினர் தேனீக்களைச் சிறு குழாய்களில் தலை மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தி, ஒரு மணத்தை ஊதி, கையோடு சர்க்கரைக் கரைசலும் கொடுத்துப் பழக்கினார்கள். பழகிய தேனீ, மணம் வந்தாலே நாக்கை நீட்டும். 2013-இல் வெளியான முடிவு: கரைசலில் காஃபீன் கலந்து பெற்ற தேனீக்களில், வெறும் சர்க்கரை பெற்றவற்றைப்போல மூன்று மடங்கு தேனீக்கள் மறுநாளும் அந்த மணத்தை நினைவில் வைத்திருந்தன. மூளையில் மணத்தையும் உணவையும் முடிச்சுப்போடும் நரம்புச் செல்களைக் காஃபீன் முடுக்கிவிடுகிறது.

அளவிலும் கணக்கு தப்பவில்லை. கசப்பு தெரிந்தால் தேனீ திரும்பிப் பார்க்காது. பூந்தேனில் காஃபீன் அந்த எல்லைக்குக் கீழேயே நிற்கிறது. இலையிலும் கொட்டையிலும் பூச்சியை விரட்டும் அதே சரக்கு, பூவில் ஆள் பிடிக்கிறது.

இதை நட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தது அப்படி. காஃபீன் ருசித்த தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பி ஆடி, மற்றவற்றை அழைத்தது ஏறக்குறைய நான்கு மடங்கு கூடியது. ஆய்வாளர்கள் கரைசல் வைத்த கிண்ணம் காலியான பிறகும், வேறிடம் தேடாமல், அவை அங்கேயே வந்து வந்து போயின.