கன்சல்டன்ட்: ஆலோசகரும் இல்லை, கலந்தாய்வாளரும் இல்லை

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் அக்கா, சென்ற மாதம் மின்தூக்கி வாசலில் என்னை நிறுத்திக் கைப்பேசியை நீட்டினார். “தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. பையனைக் கூட்டிட்டுப் போகலாமா?” வாட்ஸ்அப்பில் வந்த தமிழ் அறிவிப்பு அது. மேலே கொட்டை எழுத்தில், ‘அனைத்துலகக் குழந்தைகள் உரிமை, நலன்: ஆலோசனை வாய்ப்புகள்’ என்று இருந்தது. அக்காவின் மகனுக்குப் பதினான்கு வயது. மூன்று மாதமாகப் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். யாரோ வெளிநாட்டு அமைப்பு பிள்ளைகளுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல வருகிறது என்று அவர் புரிந்துகொண்டார். அந்தத் தலைப்பைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் அப்படித்தான் புரியும்.

கீழே படித்தால் அது வேலை விளம்பரம். மூன்று ஆண்டு நடந்து முடிந்த ஒரு சிறார் திட்டத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுத ஆள் தேடுகிறார்கள். நாற்பது வேலை நாள், மூன்று தவணையில் ஊதியம்.

அதே அறிவிப்பை, சமூகப் பணியில் பட்டம் பெற்று எட்டு ஆண்டு களத்தில் வேலை பார்த்த தங்கை ஒருவருக்கு அனுப்பி வைத்தேன். “பார்த்தேன் அண்ணா. அது கவுன்சலிங் வேலை. எனக்கு லைசென்ஸ் இல்லையே” என்றார். சட்டத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. 1998ஆம் ஆண்டின் 580ஆம் சட்டமான கவுன்சலர்கள் சட்டப்படி, பதிவு செய்யாதவர் இந்நாட்டில் தன்னைக் ‘காவுன்செலோர்’ (கவுன்சலர் என்பதன் மலாய் வடிவம்) என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த வேலைக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே சொல், தேவையில்லாத இடத்தில் ஒரு தாய்க்கு நம்பிக்கை கொடுத்தது. தகுதியுள்ள ஒருவரை விண்ணப்பிக்க விடாமல் தடுத்தது. கன்சல்டன்சி என்ற ஆங்கிலச் சொல்லை ‘ஆலோசனை’ ஆக்கும் இதே மொழிபெயர்ப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் வேர். கன்சல்டன்ட் என்பது லத்தீனில் ‘கூடி ஆராய்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. கவுன்சலர் என்ற சொல்லுக்கும் அதே குடும்பம்தான். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கன்சல்டன்ட் என்றால் போய்க் கேட்பவர். பிற்பாடுதான் பொருள் தலைகீழாகி, கேட்கப்படுபவரைக் குறித்தது. ‘ஆலோசனை’ வடமொழி, ஊன்றிப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல் என்பது அதன் அடிப்பொருள். அது வடசொல் என்பது எனக்கு ஒரு பொருட்டே அல்ல. நம் பாட்டன் காலத்திலிருந்து புழங்கும் சொல்லை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை. என் குறை வேறு.

மலேசியாவில் ‘ஆலோசகர்’ என்ற ஒரே சொல்லின் தலையில் மூன்று மூட்டைகளை ஏற்றி வைத்திருக்கிறோம். மலாய்க்காரர்கள் இவற்றுக்கு மூன்று தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்கள்: பெனாசிஹாட், காவுன்செலோர், பெருண்டிங். கோயில் கும்பாபிஷேகப் பதாகையைப் பாருங்கள். தலைவர், செயலாளருக்குக் கீழே ‘ஆலோசகர்கள்’ என்று நான்கு பெயர் இருக்கும். அவர்கள் பெனாசிஹாட். இடைநிலைப்பள்ளியில் மாணவர்களைத் தனியே உட்காரவைத்துப் பேசும் ஆசிரியர் காவுன்செலோர். அவரையும் ஆலோசகர் என்கிறோம். கட்டுமான இடத்தில் நட்டு வைத்திருக்கும் பலகையில் ‘ஜுருதெரா பெருண்டிங்’ என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பொறியாளரும் நமக்கு ஆலோசகப் பொறியாளர். மூன்று பேரும் செய்யும் வேலையில் ஒற்றுமை ஏதாவது உண்டா? முதலாமவர் கேட்டால் கருத்துச் சொல்வார், பொறுப்பு இல்லை. இரண்டாமவர் ஒருவரின் மனச்சுமையைக் கேட்டு வழிகாண உதவுகிறார். மூன்றாமவர் கூலி பேசி, கணக்குப் போட்டு, வரைபடத்தில் கையெழுத்திட்டு, அதற்குச் சட்டப்படி பொறுப்பும் ஏற்கிறார்.

சிறார் உரிமைத் துறையில் கன்சல்டன்ட் என்பவர் இந்த மூன்றாம் வகைதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் எல்லாம் இங்கேதான். யுனிசெஃப் போன்ற ஐக்கிய நாட்டு அமைப்புகளில் நிரந்தர ஊழியர், தவணை ஊழியர் என்று ஒரு பக்கம் இருக்கிறார்கள். அனைத்துலகத் தொழில்நிலைப் பணிகள் ஒரு வரிசை, உள்நாட்டு அலுவலர் பணிகள் இன்னொரு வரிசை. கன்சல்டன்ட் இந்த வரிசைகளில் இல்லை. அவர் ஊழியரே அல்லர். ஒரு குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட தொகைக்கு முடித்துக் கொடுக்க ஒப்பந்தம் செய்துகொள்பவர். ஊழியருக்குரிய சலுகைகள் கிடையாது. மருத்துவக் காப்புறுதியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அறிக்கையை ஒப்படைத்தால்தான் அடுத்த தவணைப் பணம். வேலை என்னவாக இருக்கும்? ஒரு மாநிலத்தில் இளம் வயதுத் திருமணம் பற்றிய நிலவர ஆய்வு, சமூகநல அதிகாரிகளுக்கான பயிற்சி நூல், முடிந்த திட்டத்தின் மதிப்பீடு, புதிய சட்ட வரைவைச் சிறார் உரிமை உடன்படிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இதில் ஆலோசனை எங்கே இருக்கிறது? அறிக்கையின் கடைசிப் பத்துப் பக்கத்தில் பரிந்துரைகள் என்று இருக்கும், அவ்வளவுதான். மீதியெல்லாம் உழைப்பு.

ஆகவே ‘ஆலோசனை வாய்ப்பு’ என்பது இரண்டு மடங்கு தவறு. கன்சல்டன்சி என்பது அந்த விளம்பரத்தில் ஆலோசனையைக் குறிக்கவில்லை, ஒப்பந்த வேலையைக் குறிக்கிறது. தமிழில் ‘மருத்துவ வாய்ப்பு’, ‘கல்வி வாய்ப்பு’ என்றால் பெறுவதற்கான வாய்ப்பு. ஆலோசனை வாய்ப்பு என்றாலும் பெறுவதற்கான வாய்ப்புதான். அக்கா சரியாகத்தான் படித்தார்.

இந்தக் குறையை உணர்ந்த சிலர் இப்போது ‘கலந்தாய்வாளர்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இது வந்ததும் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று கோலாலம்பூரில் ஒரு பயிலரங்கில் ஒருவர் அடித்துச் சொன்னார். எனக்கு அது முந்தையதைவிடப் பெரிய சிக்கலாகப் படுகிறது.

கலந்தாய்வு நல்ல சொல். அது ஒரு நிகழ்வைக் குறிக்கிறது: பலர் கூடி, கலந்து பேசி, ஆராய்வது. தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றாலே பொறியியல் கல்லூரிச் சேர்க்கைதான் மக்களின் நினைவுக்கு வரும். அங்கிருந்து வரும் செய்திகளை இங்கேயும் படிக்கிறோம். ஆகவே சொல் ஏற்கெனவே ஒரு வேலையில் அமர்ந்துவிட்டது. அதைவிட முக்கியமான காரணம் சிறார் உரிமைத் துறைக்குள்ளேயே இருக்கிறது. 1989இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் விதி, தம்மைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்கிறது. அதனால் இந்தத் துறையில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்பது அன்றாட வேலை. அதற்குக் கலந்தாய்வு என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அதை எடுத்து ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டால், ‘கலந்தாய்வாளர் சிறாரோடு கலந்தாய்வு நடத்துவார்’ என்று எழுத வேண்டிவரும். படிப்பவர், கலந்தாய்வு நடத்துவதுதான் அவர் தொழில் என்று நினைப்பார். மேசையில் உட்கார்ந்து சட்டத்தை அலசும் கன்சல்டன்ட் யாரோடும் கலக்கவே வேண்டியதில்லை. அவருக்கும் இதே பெயரா?

அப்புறம் அந்த ‘ஆய்வாளர்’. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவர் ஆய்வாளர், தமிழ்நாட்டில் காவல் நிலைய இன்ஸ்பெக்டரும் ஆய்வாளர். அதன் முன்னால் ‘கலந்து’ என்று ஒட்டினால் காதில் விழுவது ‘பலவற்றைக் கலந்து ஆய்பவர்’ என்பதுதான்.

பயிலரங்கில் பேசியவரின் வாதம், மலாயில் பெருண்டிங் என்பதும் ‘ருண்டிங்’, அதாவது கலந்து பேசுதல் என்ற வேரிலிருந்துதானே வந்தது என்பது. வேர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் மலாயில் அந்தச் சொல் எத்தனையோ ஆண்டாகப் பொறியாளர் பலகையிலும் நிறுவனப் பெயரிலும் புழங்கிப் புழங்கி வேரை விட்டு விலகிவிட்டது. பக்கத்தில் காவுன்செலோர் என்று வேறொரு சொல்லும் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. அந்த நெடுங்காலப் புழக்கம் கலந்தாய்வாளருக்கு இல்லை. வேரைப் பார்த்து வேரை மொழிபெயர்ப்பது மொழிபெயர்ப்பு ஆகாது. ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

தனித்தமிழ் அன்பர்கள் இன்னொரு வழி சொல்கிறார்கள். பழந்தமிழில் ஆராய்ந்து உரைப்பவருக்குச் சொல் இருந்தது என்கிறார்கள். இருந்தது, அருமையாகவே இருந்தது. ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான் மன்னவன் சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்’ என்று வள்ளுவர் சொல்லும் சூழ்வார், அரசனுக்குக் கண் போன்றவர். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற குறளில் சூழ்ச்சி என்றால் ஆராய்தல். இன்றைக்குச் சூழ்ச்சி என்றால் சதி. சிறார் நல அமைப்பின் அறிவிப்பில் ‘சூழ்வார் தேவை’ என்று போட முடியுமா? ‘உசாவுநர்’ என்றும் ஒரு பரிந்துரை உண்டு. உசாவுதல் கேட்டறிதல்; ஆக உசாவுநர் கேட்பவர் ஆகிறார், கேட்கப்படுபவர் அல்லர். எனக்கு இந்தச் சொற்கள் மேல் ஆசை உண்டு. ஆனால் மூன்று தவணை ஒப்பந்தத்தில் அவை உட்கார மாட்டா.

நான் சொல்வது ‘ஒப்பந்த வல்லுநர்’. ஒன்றில் தேர்ச்சி உள்ளவர் என்பதை வல்லுநர் சொல்கிறது. எந்த முறையில் அமர்த்தப்படுகிறார் என்பதை ஒப்பந்தம் சொல்கிறது. விளம்பரத்தைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டியவை இந்த இரண்டும்தான். வெறும் வல்லுநர் போதாதா என்று கேட்கலாம். போதாது. இந்த அமைப்புகளில் ‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று ஒரு பதவி உண்டு. அவர் முழு ஊழியர். அவரைத் துறை வல்லுநர் என்றும், இவரை ஒப்பந்த வல்லுநர் என்றும் பிரித்தால் சம்பளமா, தவணையா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கன்சல்டன்சி என்பதற்கு ‘ஒப்பந்தப் பணி’ போதும். நிறுவனத்தைக் குறிக்கும்போது மட்டும் ‘வல்லுநர் நிறுவனம்’ என்று எழுதலாம். கோயில் பதாகையில் ஆலோசகர்கள் அப்படியே இருக்கட்டும். அது அவர்களுக்குப் பொருந்துகிறது. கவுன்சலருக்கு இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணையாளர்’ என்று வைத்திருக்கிறார்கள். நீளம்தான், ஆனால் துணை என்ற சொல் அதில் இருக்கிறது. நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அறிவிப்பில் இன்னும் சில சொற்கள் உறுத்தின. ‘குறிப்பு விதிமுறைகள்’ என்று ஒன்று. ‘டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் இரண்டு சொற்களையும் அகராதியில் தனித்தனியாகத் தேடி எடுத்து அடுக்கியது அது. பணி வரையறை என்றால் முடிந்தது. ‘சேஃப்கார்டிங்’, ‘புரொடெக்‌ஷன்’ இரண்டுக்கும் பாதுகாப்பு என்றே போட்டிருந்தார்கள். பிள்ளைகளை வெளித் தீங்கிலிருந்து காப்பது புரொடெக்‌ஷன். தன் ஊழியராலும் தன் திட்டத்தாலும் எந்தப் பிள்ளைக்கும் கேடு வராமல் அமைப்பு தன்னைத்தானே கண்காணித்துக்கொள்வது சேஃப்கார்டிங். இந்த இரண்டாவதைத் ‘தீங்குத் தடுப்புக் கடமை’ என்றாவது எழுதியிருக்கலாம். விண்ணப்பிப்பவரின் பின்னணியைத் துருவிச் சோதிப்பது இந்தக் கடமையால்தான். இது தெரியாமல், எதற்கு இத்தனை சான்றிதழ் கேட்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள்.

‘குழந்தை’யும் அப்படித்தான். உடன்படிக்கையிலும் நம் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்திலும் பதினெட்டு வயது நிறையாதவர் எல்லாரும் அதில் அடக்கம். பதினேழு வயதுப் பையனைத் தமிழில் யாரும் குழந்தை என்று சொல்வதில்லை. மலேசிய நாளிதழ்கள் சிறார் என்று எழுதுகின்றன. அது நல்ல வழக்கம். வெளிநாட்டுத் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்து அதைக் கைவிட வேண்டாம்.

அந்த அமைப்புக்கு எழுதினேன். ‘சிறார் திட்ட மதிப்பீடு: ஒப்பந்த வல்லுநர் தேவை. நாற்பது வேலை நாள். ஆலோசனை சேவை அல்ல’ என்று தலைப்பை மாற்றித் தரச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் ஏற்கவில்லை; மற்றதை மாற்றி அனுப்பினார்கள். தங்கை விண்ணப்பித்துவிட்டார். அக்காவிடம் புதிய அறிவிப்பைக் காட்டியபோது, “ஓ, வேலைக்கா?” என்றார். பிறகு, “அப்ப என் பையனுக்கு?” என்று கேட்டார். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். மறு திங்கட்கிழமை, பள்ளியில் காவுன்செலோர் அறை எது என்று தெரியாததால், இருவரும் சேர்ந்தே போய்த் தேடினோம்.