சுரப்பா, செலுத்தலா? ‘செக்ரீஷன் சிஸ்டம்’ என்ற சொல் பற்றி

அகராதியில் ‘செக்ரீஷன்’ என்ற சொல்லுக்குச் சுரப்பு என்று போட்டிருக்கும். அதன்படி, பாக்டீரியாக்கள் புரதத்தையும் டி.என்.ஏ.யையும் வெளியே அனுப்பும் பொறிகளில் ஒன்றான ‘டைப் 4 செக்ரீஷன் சிஸ்டம்’ தமிழில் ‘நான்காம் வகைச் சுரப்பு மண்டலம்’ ஆகிவிடும். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் அந்தப் பெயரைப் படிக்கிற மாணவர் மனத்தில் எழும் படம் தவறானது. அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

இலத்தீனில் ‘செகெர்னெரே’ என்றால் சலித்துத் தனியே பிரிப்பது. ஒதுக்கி மறைத்து வைத்ததைச் சொல்லும் ‘சீக்ரெட்’டும் இதே வேரில் பிறந்ததுதான். இரத்தத்திலிருந்து உடலுறுப்புகள் சாறுகளைப் பிரித்தெடுக்கின்றன என்ற எண்ணத்தோடு அது உடலியலுக்குள் வந்தது. நம்முடைய சுரத்தல் வேறு இடத்திலிருந்து வருகிறது. மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். கன்று முட்டினால் மடி சுரக்கும். மடிக்கே ‘சுரை’ என்று பழைய பெயர் உண்டு. உள்ளே ஊறியது கசிந்து பெருகுவது சுரத்தல். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, நாளமில்லாச் சுரப்பி என்றெல்லாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இனி அக்ரோபாக்டீரியம் டுமெஃபாசியன்ஸ் செய்யும் வேலையைப் பாருங்கள். கிரேக்கத்தில் ‘அக்ரோஸ்’ வயல், ‘பாக்டீரியோன்’ சிறுகோல். இலத்தீனில் ‘டுமெஃபாசியன்ஸ்’ வீங்கச் செய்வது. மண்ணில் வாழும் இந்தக் கோலுயிரி, செடியின் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் கரணை கரணையாகக் கழலையை உண்டாக்கும்.

செடியில் காயம் பட்டால் அசிட்டோசிரிங்கோன் போன்ற பொருள்கள் கசியும். அந்த வாடை பட்டதும் பாக்டீரியாவின் ‘விர்’ மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. டி.ஐ. பிளாஸ்மிட் என்ற பெரிய டி.என்.ஏ. வளையத்தில், குறிப்பிட்ட இரண்டு எல்லைகளில் விர்டி2 என்ற புரதம் வெட்டுகிறது. வெட்டிய இழையின் முனையிலேயே ஒட்டிக்கொண்டும் விடுகிறது. ஊசியில் நூல் கோத்த மாதிரி: விர்டி2 ஊசி, டி.என்.ஏ. இழை நூல். வாசலில் காவல் நிற்கும் விர்டி4 புரதம் இந்த ஊசியைத்தான் அடையாளம் காண்கிறது, நூலை அல்ல. விர்பி1 முதல் விர்பி11 வரையிலான புரதங்கள் சேர்ந்து, பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளையும் ஊடுருவும் குழாயைக் கட்டியிருக்கின்றன. இதுதான் அந்த நான்காம் வகை அமைப்பு. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து ஊசியை அதன் வழியே தள்ளினால், நூல் பின்னால் இழுபட்டுப் போகிறது. இழையைப் போர்த்திக் காக்கும் விர்இ2 புரதம் அதே குழாய் வழியே தனியாகச் செடி செல்லுக்குள் போகிறது.

ஆக, இது அடிப்படையில் புரதம் ஏற்றி அனுப்பும் பொறி. புரதத்தைப் பிடித்துக்கொண்டு டி.என்.ஏ.யும் பயணம் போகிறது. இதில் ஊற்று எங்கே, கசிவு எங்கே?

உள்ளே போன இழை செடியின் குரோமோசோமில் சேர்ந்துகொண்டு, வளர்ச்சி ஹார்மோன்களையும் ஓபைன்கள் என்ற உணவுப்பொருள்களையும் செய்ய வைக்கிறது. அந்த ஓபைன்களைச் செடி தின்ன முடியாது, பாக்டீரியா தின்னும். அவற்றில் ஒன்றான ஆக்டோபைன் முதலில் கண்டெடுக்கப்பட்டது, நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸின் தசையில்!

கழலைக்குக் காரணம் பாக்டீரியா என்று 1907-ல் எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் காட்டினார்கள். பிளாஸ்மிடை 1974-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மான்டகு குழுவினர் பிடித்தார்கள். அதன் ஒரு துண்டு செடியின் டி.என்.ஏ.யோடு கலந்திருப்பதை 1977-ல் மேரி-டெல் சில்டனும் சக ஆய்வாளர்களும் நிறுவினார்கள். இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் மரபணுவும் இந்தக் குழாய் வழியாகத்தான் முதலில் செடிக்குள் போனது.

அந்தத் துண்டின் பெயர் ‘டி-டி.என்.ஏ.’. முன்னால் நிற்கும் ‘டி’, ‘டிரான்ஸ்ஃபர்டு’ என்பதன் சுருக்கம். இதை ‘மாற்றப்பட்ட டி.என்.ஏ.’ என்று எழுதினால் இன்னொரு குழப்பம் வரும். இடம் மாறியதா, உருமாறியதா? துண்டு உருமாறவில்லை, இன்னொரு வீட்டுக்குள் புகுந்திருக்கிறது. ‘புகு டி.என்.ஏ.’ என்றால் ஐயமே இல்லை.

செக்ரீஷன் சிஸ்டத்துக்கு ‘வெளியேற்றம்’ என்று வைக்கலாமே என்று தோன்றும். அது கழிவகற்றலுக்குப் போய்விட்ட சொல். நான் சொல்ல விரும்புவது ‘செலுத்தமைப்பு’. தடுப்பூசி செலுத்துகிறோம், கப்பல் செலுத்துகிறோம். ஒன்றைக் குறித்த இடத்துக்கு ஆற்றலோடு கொண்டுசேர்ப்பது அந்த வினையில் இருக்கிறது. காலரா கிருமி தன் நச்சை இரண்டாம் வகை அமைப்பால் செல்லுக்கு வெளியே விட்டுவிடுகிறது. அங்கே சுரப்பு ஓரளவு பொருந்தும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே செலுத்தினாலும் இன்னொரு செல்லுக்குள் செலுத்தினாலும் ‘செலுத்தமைப்பு’ ஈடுகொடுக்கும். ‘நான்காம் வகைச் செலுத்தமைப்பு’ என்று எழுதினால் போதும்.

நம் வயிற்றையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவிடமும் நான்காம் வகை அமைப்பு உண்டு. இரைப்பை அமிலத்தைச் சுரக்கிறது. ஹெலிகோபாக்டர் அதே இரைப்பையின் செல்லுக்குள் காக்ஏ புரதத்தைச் செலுத்துகிறது.