சேற்றில் விழாதது மெம்பரேனில் விழும்

ஆயுள் முடிந்த ஆர்.ஓ. மெம்பரேனை (நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வை) அறுத்துப் பார்ப்பதற்கு அந்தத் தொழிலில் 'அட்டாப்சி' என்றே பெயர். பிரேதப் பரிசோதனைதான். 8 அங்குல விட்டம், 40 அங்குல நீளத்தில் ஓர் உருளை. முதலில் எடை போடுவார்கள். புதிதாக வந்தபோது இருந்ததைவிடக் கூடியிருந்தால் உள்ளே எதுவோ குடியேறியிருக்கிறது. பிறகு ஃபைபர் கிளாஸ் உறையை நீளவாக்கில் அறுத்து, சுருட்டிய பாய்போல் இருக்கும் தாள்களை மேஜைமேல் விரிப்பார்கள். வடிகட்டும் பரப்பு மொத்தம் ஏறத்தாழ 37 சதுர மீட்டர். சென்னையில் 400 சதுர அடியில் ஒரு குடும்பமே இருக்கிறது. அவ்வளவையும் ஓர் ஆள் தூக்கிவிடக்கூடிய குழாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

பளபளவென்று இருக்கவேண்டிய பரப்பில் காபித்தூள் நிறத்தில் ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டும்போது, வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவதுபோல் நூல் நூலாக இழுத்தால் பாக்டீரியாவின் வேலை. நறநறவென்று உதிர்ந்தால் உப்புப் படிகம். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டு, நுரைத்துப் பொங்கினால் கால்சியம் கார்பனேட். அசையாமல் கிடந்தால் ஜிப்சமோ (கால்சியம் சல்ஃபேட்) சிலிக்காவோ. சுரண்டியதை 550 டிகிரியில் எரித்தும் பார்ப்பார்கள். எரிந்து காணாமல் போனது உயிர்சார்ந்த அழுக்கு, சாம்பலாக மிஞ்சியது தாது.

இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்பது எளிய கேள்வி. எங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டால்தான் சுவாரசியம். இதில் பெரும்பகுதி, மெம்பரேனுக்கு நான்கைந்து தொட்டிகள் முன்னாலேயே சேறாக விழுந்திருக்க வேண்டியது. அங்கே தப்பித்து வந்து இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் 'ஸ்லட்ஜ்' எனும் சேறு ஒரு பிரச்சினை, 'ஃபௌலிங்' எனும் மெம்பரேன் அடைப்பு இன்னொரு பிரச்சினை என்று தனித்தனியாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் எதிரெதிர் பக்கங்கள்.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். பருத்திப் பனியனுக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழையும் எதிர்மின்னூட்டம் உடையது, ரியாக்டிவ் சாயமும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். சமையலுப்பையோ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்ஃபேட்டையோ லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் போட்டால் அந்தத் தள்ளல் தணிந்து சாயம் துணியில் ஏறும். ஏறியதுபோக மிச்சச் சாயமும், கொட்டிய உப்பு முழுவதும் கழிவுநீரில் போகும். சாயத்தை எப்படியாவது வெளுக்க வைக்கலாம். கரைந்த உப்பைச் சுண்ணாம்பும் பிடிக்காது, பாக்டீரியாவும் தின்னாது. தமிழ்நாட்டில் ஆற்றில் விடும் நீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாயக்கழிவோ அதைப்போல் சில மடங்கு.

இது பல ஆண்டுகள் நொய்யலில் போனது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. வழக்குகள் நடந்தன. சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்பது ஊரில் டீக்கடையிலும் புழங்கும் சொல்லாயிற்று. நீரைத் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்றானதும் எல்லாச் சுமையும் ஆர்.ஓ.வின் தலையில் வந்து விழுந்தது.

அந்தத் தலை ரொம்பவும் மெல்லியது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1950களின் இறுதியில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் செய்து காட்டிய சூட்சுமம் இதுதான்: உப்பைத் தடுக்கும் அடுக்கு மெல்லியதாக இருக்கட்டும், அதைத் தாங்க அடியில் துளைகள் நிறைந்த தடித்த அடுக்கு இருக்கட்டும். (சௌரிராஜன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வருவார்.) அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிடேட். இன்றைய மெம்பரேனில் தடுக்கும் அடுக்கு பாலிஅமைடு. ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு தடிமன். நம் தலைமுடியின் குறுக்களவில் அதைப்போல் சில நூறு அடுக்குகளை அடுக்கலாம். சாயக்கழிவு முழுவதும் இந்தத் தோலோடு மோதியாக வேண்டும்.

மோதும்போது நடப்பதைக் கல்யாண மண்டப வாசலோடு ஒப்பிடலாம். நீர் உள்ளே நுழைகிறது. உப்பைச் செருப்புபோல் வாசலில் கழற்றிவிட்டு நுழைகிறது. ஆட்கள் மெதுவாக வந்தால் செருப்புகளை ஒருவர் ஒதுக்கிக்கொண்டே இருக்கலாம். முகூர்த்த நேரத்தில் திமுதிமுவென்று வந்தால் வாசலே செருப்புக் குவியலாகிவிடும். மெம்பரேன் பரப்பை ஒட்டி உப்பின் செறிவு இப்படித்தான் எகிறுகிறது. எகிற எகிற, நீரைத் தள்ள அழுத்தமும் கூடவேண்டும்: சமையலுப்பு லிட்டருக்கு 1 கிராம் ஏறினால் ஏறத்தாழ 0.8 பார் அழுத்தம். செருப்பை ஒதுக்கும் ஆள் வேலையைச் செய்வது, பரப்பை உரசிக்கொண்டு ஓடும் நீரோட்டம். அது ஒதுக்கும் வேகத்தைவிட நாம் உறிஞ்சும் வேகம் கூடினால் படிவு தொடங்கிவிடும். மெம்பரேனிடம் பேராசை கூடாது என்று பழைய ஆபரேட்டர்கள் சொல்வதற்கு இயற்பியலில் இதுதான் காரணம்.

அடுத்தது எளிய பெருக்கல். 100 லிட்டரில் 75 லிட்டரை நல்ல நீராக எடுத்தால், 'ரிஜெக்ட்' என்று ஒதுக்கப்படும் மிச்ச 25 லிட்டரில் எல்லாம் நான்கு மடங்கு. 90 லிட்டரை எடுத்தால் பத்து மடங்கு. ஜிப்சம் ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 2 கிராம்தான் கரையும். உப்பு நீரில் கொஞ்சம் கூடுதல். சல்ஃபேட் தாராளமாக இருக்கும் சாயக்கழிவில் கால்சியமும் இருந்தால், நுழையும்போது சாதுவாக இருந்த நீர் கடைசி மெம்பரேனை எட்டும்போது கல்லாகத் தொடங்கும். அதனால்தான் உப்புப் படிவு வரிசையின் வால் பக்கத்திலும், மண், இரும்பு, சளி முதலியவை தலைப் பக்கத்திலும் தெரியும். எந்த மெம்பரேன் முதலில் கெட்டது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

ஆக, வருவதை முன்னாலேயே பிடிக்கவேண்டும். எப்படி? திருப்பூரில் நெடுங்காலம் நடந்த முறை சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும். இரும்பு ஹைட்ராக்சைடு பஞ்சுபஞ்சாகத் திரண்டு சாயத்தை வாரிக்கொண்டு அடியில் உட்காரும். மேலே தெளிநீர். பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் போட்ட சுண்ணாம்பும் இரும்பும் எங்கே போயின? பெரும்பகுதி சேறாயிற்று, பிடித்த சாயத்தைவிடப் பிடிக்கப் போட்ட மருந்தின் எடையே சேற்றில் மிகுதி. மிச்சம் தெளிநீரோடு போயிற்று. கரைந்த கால்சியம் போய் வால் மெம்பரேனில் ஜிப்சமாகும். தப்பிய இரும்பு தலை மெம்பரேனில் துருவாகும். பஞ்சைத் திரட்ட விடும் பாலிமர் கொஞ்சம் கை மிஞ்சினால் இன்னும் மோசம்: நேர்மின்னூட்டம் கொண்ட அந்த நீண்ட சங்கிலி, எதிர்மின்னூட்டம் கொண்ட மெம்பரேனில் கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். உப்புப் படியாமலிருக்க நாமே விடும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்தோடும் சேர்ந்து பிசினாகும். கழுவினாலும் போகாது.

மருந்தைக் கூட்டினால் சேறு பெருகும், குறைத்தால் மெம்பரேன் அடைக்கும், அளவு தப்பினால் இரண்டும் நடக்கும்.

சேற்றை அப்புறப்படுத்துவதும் பெரும்பாலும் நீரோடு நடத்தும் சண்டைதான். தொட்டியின் அடியிலிருந்து வரும் 100 கிலோ சேற்றில் திடப்பொருள் 1 கிலோதான் இருக்கும், மிச்சம் 99 கிலோ நீர். திடப்பொருளை 2 சதவீதத்துக்குக் கெட்டியாக்கினாலே 100 கிலோ 50 கிலோவாகிவிடும். ஃபில்டர் பிரஸ்ஸில் அழுத்தி 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 4 கிலோ. அதற்குமேல் பிழிய முடிவதில்லை. சோற்றை வடித்தால் கஞ்சி வரும். பருக்கைக்குள் இருக்கும் நீர் வடியுமா? பஞ்சுத் திரளுக்குள்ளும் பாக்டீரியா செல்லுக்குள்ளும் உள்ள நீர் அப்படிப்பட்டது, வெயிலோ வெப்பமோதான் அதை எடுக்கும். பிழிந்த நீர் மறுபடி முதல் தொட்டிக்கே திரும்புகிறது. மெம்பரேன்களைக் கழுவிய அழுக்கு நீரும் பல இடங்களில் அதே தொட்டிக்குத்தான் வரும்.

காய்ந்த சேற்றை என்ன செய்வது? இந்தியச் சட்டம் இத்தகைய ரசாயனச் சேற்றை அபாயக் கழிவாக வைத்திருக்கிறது. சில சாயங்களின் மூலக்கூறுக்குள்ளேயே செம்பும் குரோமியமும் இருக்கின்றன. அவை நீரிலிருந்து போய்விட்டன என்றால் சேற்றில் இருக்கின்றன என்று பொருள். வயலில் கொட்ட முடியாது. சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்கலாம். அடுக்கியும் வைத்திருந்தார்கள், மலைமலையாக. பாதுகாப்பான புதைகுழிக்கு அனுப்பலாம். சிமென்ட் ஆலைக்கும் அனுப்பலாம்: 1,450 டிகிரி வெப்பத்தில் சாயம் எரிந்துபோகும், கால்சியமும் இரும்பும் சிமென்ட்டுக்கு எப்படியும் வேண்டிய சரக்கு, உலோகங்கள் சிமென்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டிக்குள் பூட்டப்படும். இருக்கும் வழிகளில் இது எனக்கு உருப்படியானதாகப் படுகிறது.

அதைவிட நல்லது, அத்தனை சேற்றை உண்டாக்காமலிருப்பது. அதனால்தான் பல பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பைக் குறைத்து பாக்டீரியா பக்கம் திரும்பின. இந்த வித்தைக்கு வயது நூறுக்கு மேல். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர், கழிவுநீருக்குள் காற்றை ஊதிப் பார்த்தார்கள். வேலை முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் அதன்மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றி மறுபடி ஊதினார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. உறைமோர் தத்துவம்தான். சேறு அங்கே வேலையாளாகிவிட்டது.

இதிலும் கணக்கு தீர்வதில்லை. பாக்டீரியா தின்றதில் கணிசமான பங்கு அதன் உடலாகவே மாறுகிறது, அந்த உடல்கள் மறுபடி சேறு. கூடவே அவை சர்க்கரையும் புரதமும் கலந்த ஒரு வழுவழுப்பைச் சுரக்கின்றன. தொட்டியில் திரள் திரளாகச் சேர்ந்து அடியில் உட்கார அந்த வழுவழுப்பே உதவுகிறது. மெம்பரேனில் பாய் விரித்துக் குடியேறவும் அதுவே பசை. குளோரின் அடித்துக் கொல்லலாமே என்றால், பாலிஅமைடு தோலைக் குளோரின் அரித்துவிடும். ஆகவே முன்னால் குளோரின் விட்டு, மெம்பரேன் வாசலில் பைசல்ஃபைட் விட்டு அதை முறிக்கிறார்கள். குளோரினில் உடைந்த கரிமப் பொருள், தப்பிப் பிழைத்த பாக்டீரியாவுக்கு எளிதில் செரிக்கும் தீனியாவதும் உண்டு.

1989இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுவோ யமமோட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். சேற்றுக்குப் பயந்து மெம்பரேனைத் தள்ளி வைப்பதற்குப் பதில், நூல்போன்ற மெம்பரேன் குழாய்களைச் சேற்றுத் தொட்டிக்குள்ளேயே முக்கி மெல்ல உறிஞ்சினார்கள். அதன் வழிவந்ததுதான் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தளத்தில்கூட ஓடும் எம்.பி.ஆர். எனும் மெம்பரேன் பயோரியாக்டர். இது உப்பைப் பிடிக்காது, சேற்றையும் கிருமியையும் பிடிக்கும். அடியிலிருந்து ஊதும் காற்றுக் குமிழ்கள் நூல்களை உலுக்கிக்கொண்டே இருக்கின்றன. மின்கட்டணத்தில் பெரும்பங்கு அந்த ஊதலுக்குத்தான்.

பாக்டீரியா கூட்டம் சேர்வதையே கலைக்கும் முயற்சியும் உண்டு. அவை ஒருவகை ரசாயனச் சமிக்ஞையை விட்டு, அக்கம்பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்கின்றன. கூட்டம் தேறிவிட்டது என்று தெரிந்ததும் ஒன்றுசேர்ந்து வழுவழுப்பைப் பெருக்குகின்றன. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சுங்-ஹாக் லீயின் குழு, அந்தச் சமிக்ஞையைத் தின்னும் வேறொரு பாக்டீரியாவைச் சிறு உருண்டைகளில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டது. தண்டோரா போடுபவனின் குரல் ஊருக்குள் கேட்காததால் கூட்டம் கூடத் தாமதமாயிற்று. உருண்டைகள் போகிறபோக்கில் மெம்பரேனை உரசியும் விட்டன.

வீட்டுக் கழிவுநீரின் சேறு சாயச் சேற்றைவிடச் சாதுவாகத் தோன்றும். அதில் தழை, மணிச் சத்துகள் இருக்கின்றன. உரமாகப் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆனால் நீரில் கரைய விரும்பாத எதுவும் சேற்றில்தான் ஒட்டும்: ஈயம், துத்தநாகம், நெகிழித் துணுக்குகள், ஒட்டாத தவாவுக்கும் நனையாத துணிக்கும் பயன்படும் பி.எஃப்.ஏ.எஸ். என்ற அழியா வேதிப்பொருட்கள். இவற்றால் வயலும் கிணறும் பாழானதைக் கண்ட அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் சேற்றை நிலத்தில் இடுவதற்கே தடை போட்டது. நுண்ணுயிர் தின்னாததைச் சேறு சேமித்து வைக்கும், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஆர்.ஓ.வுக்குப் பிந்திய கதையும் இதே ரகம். ரிஜெக்டைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, படிகமாகும் சோடியம் சல்ஃபேட்டை மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அதற்கும் தேறாமல் எல்லா உப்பும் கலந்து பழுப்பாக மிஞ்சுவது மறுபடி சாக்கில்.

இவ்வளவு பெரிய ஆலையின் நாடித்துடிப்பை, நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை ஒன்றில் பார்க்கிறார்கள். 47 மில்லிமீட்டர் விட்டம், 0.45 மைக்ரான் துளை. மெம்பரேனுக்குப் போகும் நீரை மாறாத அழுத்தத்தில் இதன்வழியே விட்டு, முதல் அரை லிட்டர் வடிய எத்தனை நொடி, 15 நிமிடம் கழித்து அதே அரை லிட்டர் வடிய எத்தனை நொடி என்று குறிப்பார்கள். முதலில் 30 நொடி ஆனது பிறகு 120 நொடி ஆனால், சூத்திரத்தில் போட்டால் எஸ்.டி.ஐ. எனும் அடைப்புக் குறியீடு 5 என்று வரும். அது எல்லைக்கோடு, 3க்குள் இருந்தால் நிம்மதி. வில்லையைக் காயவைத்துத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பவர்கள் உண்டு. துரு நிறம் என்றால் இரும்பு தப்பி வருகிறது, கரிநிறம் என்றால் கார்பன் ஃபில்டர் உதிர்கிறது. எண் நேற்றைப்போலவே இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், அனுபவமுள்ள ஆபரேட்டர் மெம்பரேன் பக்கம் போகமாட்டார். நேராகப் படியவிடும் தொட்டிக்குப் போய், ராத்திரி ஷிஃப்டில் எத்தனை தடவை சேறு இறக்கினீர்கள் என்று கேட்பார்.