கட்டைவிரலா உட்காரப்போகிறது?

சைக்கிளுக்கு சீட் வாங்கப் போகிறவர்கள் தவறாமல் செய்யும் ஒரு காரியம் உண்டு. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். விரல் உள்ளே போகப் போக முகம் மலரும். தினமும் அரைமணி நேரம் அதில் உட்காரப்போவது கட்டைவிரல் இல்லையே!

எது உட்காரப்போகிறது என்று தெரிய வேண்டுமானால், மர நாற்காலியில் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் கெட்டியான முண்டுகள் கையில் குத்தும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குபவை. அவற்றுக்கு நடுவே இருக்கும் மென்மையான பகுதியால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. பிறப்புறுப்புக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. ஆகவே சீட்டிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாரத்தை எலும்புகள் மேல் ஏற்று, நடுப்பகுதியை விட்டுவிடு.

மெத்தென்ற சீட் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். முதல் ஐந்து நிமிடம் சொகுசாக இருக்கும். பிறகு எலும்பு முனைகள் உள்ளேயிருக்கும் ஃபோமுக்குள்ளோ ஜெல்லுக்குள்ளோ அமிழ்ந்துகொண்டே போகும். அமுங்கியது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? சேற்றில் கால் வைத்தால் விரலிடுக்கில் சேறு பிதுங்கி எழும்புவதுபோல, அது நடுவில் மேடு கட்டிக்கொண்டு தொடக்கூடாத இடத்தை அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான். நானும் ஒருமுறை தடிமனான ஜெல் உறை ஒன்றை வாங்கி மாட்டி, மரத்துப்போனால் இன்னும் தடிமனாக ஒன்று வாங்கலாமா என்று யோசித்தவன்தான். உறையைக் கழற்றி எறிந்த பிறகே தொல்லை விட்டது.

மென்மையைவிட அகலம் முக்கியம். அதை வீட்டிலேயே அளக்கலாம். அட்டைப்பெட்டியிலிருந்து நெளிநெளியான அட்டைத் துண்டு ஒன்றை வெட்டி, கெட்டியான முக்காலி மேல் போட்டு, மெல்லிய துணி உடுத்து அதில் உட்காருங்கள். குதிகாலை உயர்த்தி, முழங்கால்கள் சற்று மேலே வரட்டும். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் தெரியும். ஒன்றின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்தால், பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 செ.மீ. வரை வரும். சீட்டின் ஓரங்கள் சரிந்து இறங்குவதால் விளிம்பு வரை பயன்படாது; அதனால் 2 அல்லது 3 செ.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும். பருமனான உடம்பு என்றால் அகலமான சீட் என்று கணக்குப் போடாதீர்கள். சதை கூடலாம், குறையலாம். எலும்பின் இடைவெளி அப்படியேதான் இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம் என்றாலும் ஆளுக்கு ஆள் மாறும்.

அளவு கிடைத்தாலும், ஓட்டும் தோரணையைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. அந்த எலும்புகள் பின்னால் அகன்று, முன்னோக்கி வரவர நெருங்கும். முதுகை நிமிர்த்தி ஓட்டினால் அகன்ற பின்முனைகளே சீட்டில் படும். பாரமும் பெரும்பாலும் அங்கேயே இறங்கும். அதனால் அகன்ற சீட், அடியில் ஸ்ப்ரிங் இருந்தால் இன்னும் நல்லது. குனிந்து ஓட்டுகிறவரின் இடுப்பு முன்னே சுழன்று குறுகலான பகுதி சீட்டில் படும். பாரத்தில் ஒரு பங்கு கைக்கும் போய்விடும். பந்தய சைக்கிளின் கத்தி போன்ற சீட் அவர்களுக்குத்தான். அதை வேலைக்குப் போய்வரும் சைக்கிளில் மாட்டுவது வீண் வேதனை. எதிர்முனையில், அளவுக்கு மீறி அகலமானால் தொடை உரசும்.

சீட்டுக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கு எதற்கு என்று கேட்கலாம். உட்காருவதற்கு அல்ல, தொடைகளுக்கிடையே சைக்கிளை நிலையாக வைத்துக்கொள்ள அது உதவுகிறது. ஆனால் நடுப்பகுதியை அழுத்துவதும் அதே மூக்குதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களை மூக்கில்லாத சீட்டில் 6 மாதம் ஓட்டச்சொல்லி ஆராய்ந்து, 2008இல் முடிவை வெளியிட்டது. அழுத்தமும் குறைந்தது, மரத்துப்போவதும் பெரிதும் குறைந்தது. அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கு நடுவில் பள்ளமோ திறப்போ விட்ட சீட்டுகள் இருக்கின்றன. சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே உறுத்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி பொருத்துவது. எத்தனையோ நல்ல சீட்டுகள் பழி சுமப்பது இதில்தான். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானே இலேசாக மடங்கும். அதைவிட உயரமானால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடி, தோல் உரசிப் புண்ணாகும். தாழ்ந்தால் கால் சரியாக ஊன்றாமல் பாரமெல்லாம் சீட்டில் விழும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் குத்தும்; அதிகம் கீழே சாய்ந்தால் ஆள் முன்னே வழுக்கி மணிக்கட்டு வலிக்கும். ரசமட்டம் வைத்துச் சமமாக்கிவிட்டு அங்கிருந்து நூலளவு மாற்றுவதே வழி.

புது சீட்டில் முதல் ஒன்றிரண்டு வாரம் எலும்பு முனைகளில் வலி இருக்கும், பழகிப்போகும். மரத்துப்போவது பழகும் விஷயமல்ல, அது வந்தால் இறங்கி எதையாவது மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன் இப்போதிருக்கும் உயரத்தைச் சீட்டைத் தாங்கும் கம்பியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த திருகில் கை வையுங்கள்.