காப்பாட்சியரின் வீட்டுச் சுவரைக் கலைப்பதற்கு முன்

ஒரு காப்பாட்சியர் அருங்காட்சியகத்துக்காக வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் குழுவின் ஒப்புதலும் நிதி ஒதுக்கீடும் வேண்டும். இருக்கும் சேகரிப்பில் எந்த இடைவெளியை அது நிரப்புகிறது என்ற விளக்கமும் வேண்டும். அவர் தம் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. ஆகவே அவருடைய ரசனை, நட்பு, பிடிவாதம், கையிலிருந்த பணத்தின் அளவு ஆகிய எல்லாம் கலப்பில்லாமல் தெரியும் இடம் அந்த வீடுதான். அவர் தூரிகையைத் தொடாமலே தீட்டிக்கொண்ட தன்னுருவ ஓவியம் அது என்றே நான் கருதுகிறேன்.

அப்படிப்பட்டவர் காலமான பிறகு, சேகரிப்பை மதிப்பிட எங்களைப் போன்றவர்களை அழைக்கும்போது, பெரும்பாலும் சுவர்கள் ஏற்கெனவே காலியாகியிருக்கும். பெயர் பெற்ற ஓவியர்களின் படங்கள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருக்கும். கூழாங்கற்கள், உடைந்த மண்பாண்டங்கள், பெயர் தெரியாதவர்களின் வரைபடங்கள் எல்லாம் "மற்றவை" என்று எழுதிய அட்டைப்பெட்டிக்குள் போயிருக்கும். குடும்பத்தார் நல்லெண்ணத்தோடு செய்வதுதான் இது. ஆயினும் எது எதன் அருகில் இருந்தது என்ற செய்தி அந்த ஒரே நாளில் அழிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு முயன்றாலும் அதை மீட்க முடிவதில்லை.

அந்தச் செய்திக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அறிய, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள கெட்டில்ஸ் யார்ட் வீட்டைப் பார்த்தால் போதும். லண்டன் டேட் காட்சிக்கூடத்தில் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் காப்பாட்சியராகப் பணியாற்றிய ஜிம் ஈட், பின்னாளில் சிதிலமடைந்திருந்த நான்கு சிறு வீடுகளை ஒன்றாக இணைத்துத் தம் மனைவி ஹெலனோடு வாழ்ந்த இடம் அது. 1957 முதல், பல்கலைக்கழகம் நடக்கும் பருவங்களில் பிற்பகல்தோறும் மாணவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தார். படங்களைத் தங்கள் அறைக்கு எடுத்துச்சென்று மாட்டிக்கொள்ள இரவலாகவும் கொடுத்தார்.

அங்கே படங்களுக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. ஜுவான் மிரோவின் சிறிய ஓவியம் ஒன்றில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கிறது. அந்த மஞ்சளுக்குப் பதில் சொல்வதுபோல், அதே அறையில் ஓர் ஈயத் தட்டில் ஒற்றை எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டிருக்கிறது. பழம் வாடினால் இன்றும் புதியது வைக்கிறார்கள். மற்றோரிடத்தில் உருண்டையான கூழாங்கற்கள், பெரியதிலிருந்து சிறியதாகச் சுருண்டு ஒரு சுழலாக அடுக்கப்பட்டுள்ளன. ஏலக்கடையில் மிரோவுக்கு ஒரு விலை கிடைக்கும், எலுமிச்சைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஈட் யார் என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான் விடை சொல்கின்றன. கலையையும் அன்றாட வாழ்வையும் பிரிக்காமல் பார்க்கத் தமக்குக் கற்பித்தவர் ஓவியர் வினிஃபிரட் நிக்கல்சன் என்று அவரே நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்.

பணமில்லாமையும் அந்தச் சேகரிப்பில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில், கடலோடியாக இருந்து முதுமையில் ஓவியம் தீட்டத் தொடங்கிய ஆல்ஃபிரட் வாலிஸ், கோணல்மாணலான அட்டைத் துண்டுகளில் கப்பல்களை வரைந்து, கட்டுகளாகத் தபாலில் அனுப்புவார். ஈட் அவற்றில் வேண்டியதைச் சில ஷில்லிங்குகளுக்கு வாங்கிக்கொள்வார். இன்று அந்த வீட்டின் சேகரிப்பில் வாலிஸின் படங்கள் நூற்றுக்கும் மேல் உள்ளன. சம்பளம் குறைவாக இருந்த ஓர் அலுவலர், அன்று யாரும் பொருட்படுத்தாத ஒருவரை நம்பியதற்கான சான்று அவை.

கோடியே பிரெஸ்காவின் கதை இன்னும் கூர்மையானது. முதல் உலகப்போரில் 1915இல், 23 வயதில் இறந்த பிரெஞ்சுச் சிற்பி அவர். அவருடைய துணையான சோஃபி பிரெஸ்கா உயில் எழுதாமல் 1925இல் இறந்ததால், சிற்பங்களும் வரைபடங்களும் அரசுடைமையாகி, டேட் காட்சிக்கூடத்துக்குப் பரிசீலனைக்கு வந்தன. பெரும்பகுதியை யாரும் விரும்பாத நிலையில் அவற்றை ஈட் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினார். அவர் வாங்கியிராவிட்டால் அவை சிதறிப்போயிருக்கும் என்றே நம்புகிறேன். ஆனாலும் இன்றைய இளம் காப்பாட்சியர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. தாம் பணியாற்றும் நிறுவனத்தோடு போட்டியிட்டுப் பொருள் சேர்க்கக் கூடாது என்றும், தனிப்பட்ட சேகரிப்பு குறித்து நிர்வாகத்தோடு உடன்பாடு செய்துகொண்டு அதை வழுவாமல் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றத்தின் நெறிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. பணியில் சேரும்போதே வீட்டில் இருப்பவற்றின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் எழக்கூடிய சந்தேகத்துக்கு அந்த ஒரு தாளே பதிலாகும்.

ஈட் 1966இல் வீட்டையும் அதிலுள்ளவற்றையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய பிறகும், 1973 வரை அங்கேயே வாழ்ந்தார். பொருள்களோடு அவற்றின் இருப்பிடமும் கைமாறியதற்கு இந்த இடைக்காலம் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

எனவே சேகரிப்பாளர் உயிரோடு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள் என்று குடும்பங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியில் அமர்ந்தால் எது கண்ணில் படுகிறது என்பதும் தெரியும்படி, ஒவ்வொரு சுவரையும் அலமாரியையும் மேசையையும் பொருள்கள் இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். படச்சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் சீட்டுகளையும் பென்சில் குறிப்புகளையும் கிழிக்காமல், துடைக்காமல் விடுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது என்பதற்குப் பலசமயம் அவை மட்டுமே சாட்சி. கடிதங்களையும் ரசீதுகளையும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிறகு சேகரிப்பாளரையே வீட்டுக்குள் மெதுவாக நடக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் முன்பும் நின்று பேசுவதைக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். விலையைக் கேட்க வேண்டாம். இதை ஏன் இதன் பக்கத்தில் வைத்தீர்கள் என்று கேளுங்கள்.