அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

சிறு பிள்ளைகளோடு கடற்கரைக்கு வருபவர்கள் இறங்க இடம் தேடும்போது பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாகப் புரள்கிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கிடக்கிறது, அங்கே இறங்கலாம் என்று. பல சமயம் அந்தப் பட்டைதான் ரிப் கரன்ட் எனப்படும் இழுவை ஓட்டம் கடலுக்குள் திரும்பிப் போகும் பாதை.

ஓர் அலை தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடையும். 1 மீட்டர் உயர அலை என்றால் சுமார் 1.3 மீட்டர் ஆழத்தில். ஆகவே நுரை தெரிகிற இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது. நுரை இல்லாத இடத்தில் ஆழம். திட்டின் மேல் உடையும் அலை தன் உந்தத்தை நீரிடம் கொடுத்துவிடுகிறது. அதனால் திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீர்மட்டம் சற்று ஏறுகிறது. லாங்கெட்-ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் என்ற இருவர் 1960-களில் இதற்குக் கணித வடிவம் தந்தார்கள். திட்டுகளுக்கு இடையே பள்ளம் இருக்கும் இடத்தில் அலை உடையாததால் மட்டம் அவ்வளவு ஏறாது. இந்த வேறுபாடு சில சென்டிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் இரு பக்கமும் ஏறிய நீர் கரையோரமாகவே ஓடிப் பள்ளத்தில் சேர்ந்து, அதன் வழியே கடலை நோக்கிப் பாய்வதற்கு அது போதும். அலைகள் உடையும் பகுதியைத் தாண்டியதும் ஓட்டம் விரிந்து வலுவிழக்கிறது.

வேகம் வழக்கமாக நொடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர். பெரிய அலைக்கூட்டம் வரும்போது அது திடீரெனக் கூடும், நொடிக்கு 2.4 மீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். ஆண்களுக்கான 50 மீட்டர் நீச்சலில் 2009-இல் பதிவான 20.91 நொடி உலக சாதனையின் சராசரி வேகமே கிட்டத்தட்ட இவ்வளவுதான், அதுவும் 50 மீட்டருக்கு மட்டும். இதை எதிர்த்து நீந்துவதில் அர்த்தமே இல்லை. ஒன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இழுவை ஓட்டம் யாரையும் அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. ஆள் மூழ்குவது பதற்றத்தாலும் சோர்வாலும்.

நீர் வற்றும் நேரத்தில் ஓட்டம் வலுக்கும். திட்டின் மேல் ஆழம் குறைவதால் அங்கே அலை அதிகமாக உடைகிறது, திரும்பும் நீருக்குப் பள்ளம் மட்டுமே வழியாகிறது. காலையில் நீர் ஏறியிருந்தபோது பத்திரமாகக் குளித்த அதே இடம் சில மணி நேரம் கழித்து அப்படி இருக்காது. அலைத்தடுப்புச் சுவர், பாறை முனை, தூண்கள் கொண்ட பாலம் ஆகியவற்றை ஒட்டி இழுவை ஓட்டம் ஏறக்குறைய நிரந்தரமாகவே இருக்கும். அங்கே நிழல் இருக்கிறது என்று இறங்குவது மோசமான யோசனை.

வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் நாளில் கடல் எப்படி மூர்க்கமாகிறது? அலை உருவான இடம் வேறு என்பதால். ஆழ்கடலில் ஓர் அலைக்கூட்டம் நகரும் வேகத்தை, அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையேயான நொடிகளை 0.78-ஆல் பெருக்கினால் மீட்டர் கணக்கில் பெறலாம். 16 நொடி இடைவெளி என்றால் நொடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயலின் அலை நாலரை நாள் கழித்து வெயிலடிக்கும் கரையில் வந்து மோதுவது இப்படித்தான்.

கடல் முன்னறிவிப்பில் பலரும் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இடைவெளியையும் பார்க்க வேண்டும். அலை கொண்டுவரும் ஆற்றல் உயரத்தின் இருமடியோடும் இடைவெளியோடும் சேர்ந்து உயர்கிறது. 1 மீட்டர் உயரம், 6 நொடி இடைவெளி என்றால் கரையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 3 கிலோவாட். அதே 1 மீட்டர் உயரம் 15 நொடி இடைவெளியில் வந்தால் 7 கிலோவாட்டுக்கு மேல். உயரம் 1.5 மீட்டராகிவிட்டால் 16 கிலோவாட்டைத் தாண்டும். இன்னொரு சிக்கல், அறிவிப்பில் வரும் உயரம் மிகப்பெரிய அலையின் உயரம் அல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அதைப் போல இருமடங்கு அலை அவ்வப்போது வரத்தான் செய்யும். நீண்ட இடைவெளி அலைகள் கூட்டம் கூட்டமாக வருபவை, நடுவே பல நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த அடக்கத்தை நம்பித்தான் ஆட்கள் பாறைமேல் நின்று படம் எடுக்கிறார்கள்.

எனவே வந்ததும் இறங்காமல் 10 நிமிடம் மேடான இடத்தில் நின்று பாருங்கள். அலைவரிசை எங்கே அறுபடுகிறது, எங்கே நீர் கருமையாக இருக்கிறது, நுரையோ மணல் கலங்கலோ எங்கே கடல் பக்கமாக நகர்கிறது என்று கவனியுங்கள். பள்ளமே இல்லாமல், அலைகள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் தோன்றி மறையும் ஓட்டங்களும் உண்டு. அவற்றைத் தேர்ந்த கண்ணும் தவறவிடும். உயிர்காப்பாளர் பார்வையில் குளிக்க வேண்டியது அதனால்தான். சிவப்பும் மஞ்சளும் பாதிப் பாதியாக உள்ள இரு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

ஓட்டத்தில் சிக்கினால்? கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து என்பதுதான் நெடுங்கால அறிவுரை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடலியல் ஆய்வாளர் மெக்மஹனின் குழுவினர் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளைப் பல கடற்கரைகளில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை வெளியே போய்விடாமல் வட்டமடித்து மணல் திட்டின் பக்கம் திரும்பின. அப்படியானால் சும்மா மிதந்தாலே போதுமா? எப்போதும் இல்லை. சில கரைகளில், சில நாள்களில் ஓட்டம் மிதவைகளை நேரே வெளியே கொண்டுபோய் விடுகிறது. பக்கவாட்டு நீச்சலிலும் ஒரு கண்ணி இருக்கிறது: சுழலுக்கு எதிர்ப்பக்கமாக நீந்தினால் பள்ளத்துக்கு வரும் நீரோடு மல்லுக்கட்ட நேரும். என் கணிப்பில் சரியான வரிசை இது. முதலில் மல்லாந்து மிதந்து மூச்சை ஒழுங்குபடுத்துங்கள், ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். பிறகு எந்தப் பக்கம் நுரை உடைகிறதோ அந்தப் பக்கம் மெதுவாக நகருங்கள். நுரை இருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, அலையும் கரைப் பக்கம் தள்ளிக்கொடுக்கும். ஒரு பக்கம் நகர முடியாவிட்டால் மறுபக்கம். இரண்டும் முடியாவிட்டால் மிதந்தபடி காத்திருங்கள்.

காற்றின் திசையும் முக்கியம். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று கரையோர நீரைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும், பார்க்க அழகாக இருக்கும். காற்றடைத்த மெத்தையை எடுத்துக்கொண்டு இறங்க இதைவிடக் கெட்ட நாள் கிடையாது. மெத்தை பாய்மரம்போலக் காற்றைப் பிடிக்கும், துடுப்பாக இருப்பதோ இரண்டு கைகள். மெத்தை மட்டும் அடித்துச் செல்லப்பட்டால் துரத்தாதீர்கள். ஆள் அதன்மேல் இருந்தால் இறங்காமல் பிடித்துக்கொண்டு உதவி கேட்க வேண்டும்.

பகலில் நிலம் சூடாகி வீசும் கடற்காற்றுக்கு வேறொரு வேலை உண்டு: தோலைக் குளிரவைத்து, வெயில் சுடுவதை மறைத்துவிடும். புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே சட்டை, தொப்பி, களிம்பு தேவை. கடல் நுரை அக்கதிரில் சுமார் 25 சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. அரை மீட்டர் ஆழத்திலும் 40 சதவீதம் எட்டுகிறது, எனவே தண்ணீருக்குள் இருப்பது பாதுகாப்பாகாது. இடி கேட்டால் உடனே வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். மணலில் பிள்ளைகள் தோண்டும் குழி முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. காயும்போது பக்கவாட்டு மணல் சரிந்து மூடிவிடும்.

மூழ்குபவர் கை ஆட்டிக் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும்போது கத்த மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், சத்தமே வராது. காப்பாற்ற வெறுங்கையோடு பாய்பவரும் சேர்ந்து மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. மிதக்கும் எதையாவது எறியுங்கள், மூடிய வெற்றுக் கேன்கூடப் போதும். கரைக்குக் கொண்டுவந்தவர் இயல்பாக மூச்சு விடவில்லையென்றால் அவசர உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். உடலில் தீர்ந்துபோனது ஆக்சிஜன் என்பதால் நெஞ்சை மட்டும் அழுத்துவது போதாது. பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு மோசமாகக்கூடும்.